கம்பி வலைக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 3, சனி

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் அண்ணாச்சி வருஷா வருஷம் எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு டைரி தருவார். வருஷா வருஷம் நான் அதை ஆபீஸ் மேஜை ஆடாமல் இருக்கக் காலுக்கு அண்டை கொடுப்பேன். இந்த வருஷம் எழுத எடுத்திருக்கிறேன். வீட்டில் வாயைத் திறந்தால் சண்டையாகிறது. எழுதினால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

விஷயம் என் மகள் பூரணியைப் பற்றியது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எட்டு வயதிலிருந்து டென்னிஸ். போன மாதம் கோவில்பட்டி டோர்னமென்டில் ஃபைனல் வரை போனாள். டென்னிஸில் சர்வீஸ் போட இரண்டு வாய்ப்பு உண்டு. முதல் பந்து கட்டத்துக்குள் விழாவிட்டால் இரண்டாவது பந்து. அதுவும் வெளியே போனால் டபுள் ஃபால்ட், எதிராளிக்குச் சும்மா ஒரு பாயின்ட். பூரணி அன்றைக்கு அப்படித் தானம் செய்தே தோற்றாள். நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சில மாதங்களாகவே இரண்டாவது பந்து என்றால் கை விறைத்துப்போகிறது.

திரும்பி வரும்போது கயத்தாறு தாண்டித்தான் வாயைத் திறந்தாள். "இனிமே நீ மாட்ச் பாக்க வராதம்மா."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அப்ப யாரு வண்டி ஓட்டிக் கூட்டிட்டு வருவா? ஒங்க அப்பாவா?" என்றேன். அவருக்கு இன்றுவரை ரிவர்ஸ் வராது. பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

"அப்ப நான் வெளாடவே இல்ல" என்றாள். அவ்வளவுதான். அன்று டிக்கியில் வைத்த ராக்கெட் பை இன்னும் ஸ்டெப்னி பக்கத்தில் கிடக்கிறது.

நான் என்ன செய்தேன்? மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் போடுகிற கூச்சலுக்கு அம்பயரே காதைப் பொத்திக்கொள்வார். நான் வாயே திறப்பதில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன். மாட்ச் முடியும்போது என் விரல்களில் கம்பி பதிந்த தடம் இருக்கும். அவ்வளவு கவலையோடு நிற்கிறவளைப் பார்த்து வராதே என்கிறாள். எனக்கு வேண்டியது ஒன்றுதான், அவள் மறுபடி கோர்ட்டுக்குள் போக வேண்டும்.

ஜனவரி 5, திங்கள்

"ஏட்டி, பையை வெளிய எடுத்து வைக்கட்டா?" என்று கேட்டேன். "ஏன், டயர் பஞ்சராயிட்டா?" என்றாள். வாய் அப்படியே நான்.

ஜனவரி 7, புதன்

வண்டி பழகப் புதிதாக ஒரு ஆள் சேர்ந்திருக்கிறாள். ஜெபசீலி, பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். முப்பது கூட ஆகாது. ஓட்டமென்றால் ஓட்டம், தாண்டலென்றால் தாண்டல், எல்லாவற்றிலும் மெடல் வாங்கியவளாம். கிளட்சை மட்டும் கால் சுட்டதுபோல் வெடுக்கென்று விடுகிறாள். வண்ணார்பேட்டைப் பாலத்து ஏற்றத்தில், கிளட்சைப் பாதி மட்டும் விட்டு வண்டியைப் பிடித்து நிறுத்தத் தெரியாமல், திரும்பத் திரும்ப அணைத்துவிட்டாள். பின்னால் பஸ்காரர் ஹாரனிலேயே அர்ச்சனை செய்தார்.

"ஹாஃப் கிளட்ச்ல வண்டிய நிப்பாட்ட என்ன டீச்சர் கஷ்டம்?" என்று கத்திவிட்டேன். என் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கிறது. அது இல்லையென்றால் இந்தப் பிழைப்பில் நான் என்றைக்கோ போட்டோவாகித் தொங்கியிருப்பேன்.

மேலப்பாளையம் ரோட்டில் ஓரங்கட்டிவிட்டு இளநீர் குடித்தோம். டென்னிஸும் சொல்லிக்கொடுக்கிறாளாம். விடுவேனா? பூரணி கதையைக் கொட்டினேன். கடைசியில் கேட்டேன்:

"அந்தக் கட்டம் எங்க வீட்டு ஹாலை விடப் பெருசு டீச்சர். அதுக்குள்ள ஒரு பந்தப் போட என்ன கஷ்டம்?"

ஜெபசீலி ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தாள். "ஹாஃப் கிளட்ச்ல நிப்பாட்ட என்ன கஷ்டம்னு இப்பக் கேட்டீங்கல்லா? அதே கஷ்டந்தான். நீங்க போட்டுக் காட்டுங்கக்கா, பாப்போம்."

"காட்டுதேன்."

"நாளக் கழிச்சு காலைல ஆறு மணிக்கு எங்க ஸ்கூல் கோர்ட்டுக்கு வாங்க."

வாயால் கெட்டேன். வயது நாற்பத்தைந்து.

ஜனவரி 9, வெள்ளி

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. காலை பேட்ச் என்று சொல்லிவிட்டுப் போனேன். சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கேன்வாஸ் ஷூ.

செம்மண் கோர்ட். நாலு பக்கமும் கம்பி வலை. ஜெபசீலி ராக்கெட்டைக் கையில் கொடுத்தாள். "சுத்தியல் பிடிக்கிற மாதிரி பிடிங்க. இடது கையால பந்த மேல போடுங்க. எட்டுன வரைக்கும் எட்டி அடிங்க."

மேலே போட்டேன். பந்து என் தலைக்குப் பின்னால் விழுந்தது. மறுபடி போட்டேன். மூக்கில் விழுந்தது. ஒன்றை அடித்தேன், அது வேலியைத் தாண்டி ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் ஓட்டில் உருண்டது. ஒரு கூடை பந்து தீர்ந்தது. கட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டு ஹாலை விடப் பெரிய கட்டம்.

ஜெபசீலி சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்குக் கோவில்கொடை அன்றைக்குப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "நீங்க பந்தத் தூக்கி எறியுதீங்க. எறியக் கூடாதுக்கா, வைக்கணும். ஒங்க தலைக்கு முன்னால ஒசரத்துல ஒரு பரண் இருக்கு. அதுல ஒரு தம்ளர் பாலைச் சிந்தாம வைக்கீங்க. அப்படி."

பாலைச் சிந்திச் சிந்தியே ஏழரை மணி ஆனது.

ஜனவரி 10, சனி

கியர் போடக் கை தூக்க முடியவில்லை. அவர் என் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே, "என்னாச்சு இசக்கி?" என்றார். "ஹேண்ட்பிரேக் டைட்டா இருந்திச்சு" என்றேன். நம்பிவிட்டார். ரிவர்ஸ் வராத மனிதர் எதையும் நம்புவார்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்கவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்து ஜெபசீலி சொன்ன அந்தப் பரணில் வைத்துப் பார்த்தேன். நேராகப் போய் நேராக வந்தது. ஆசை விடவில்லை. நாலாவது தடவை சாம்பாருக்குள் தொபுக்கென்று விழுந்து அடுப்பு, சுவர், என் புதுச்சேலை எல்லாம் மஞ்சள்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் பூரணி.

"என்னம்மா பண்ணுதே?"

"வெங்காயம் அழுகியிருக்கான்னு பாக்கேன்."

"மேல போட்டா பாப்பாங்க?"

அப்புறம் சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். புதுச்சேலை போனால் போகிறது.

ஜனவரி 19, திங்கள்

விழுந்துவிட்டது! கட்டத்துக்குள், கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே! அடிக்கும்போதே கைக்குத் தெரிந்தது. "டொப்" என்று ஒரு சத்தம், தோள் வலியே இல்லை. நான் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்கா எல்லாம் எழும்பிவிட்டன.

"இப்ப மாட்ச் மாதிரி போடுங்க. இந்தப் பாயின்ட் போனா கேம் போவும்னு வச்சுக்கோங்க. ரெண்டு பந்துதான்" என்றாள் ஜெபசீலி. முதல் பந்து நெட்டில். இரண்டாவது பந்தைக் கையில் எடுத்தேன். என்ன மாயமோ, அதே பந்து, அதே கட்டம், ஆனால் ஹால் சுருங்கிப் பூஜை அறை அளவுக்கு ஆகிவிட்டது. மெதுவாகத் தட்டினால் உள்ளே விழுமென்று தட்டினேன். நெட்டின் பாதியில் மோதி என் காலடிக்கே உருண்டு வந்தது.

"பாதியில பிரேக் போடுதீங்க" என்றாள். "ரெண்டாவது பந்துல எல்லாரும் செய்யுத தப்பு. பயத்துல கை நின்னு போவும். ரெண்டாவது பந்தையும் முழுசா வீசணும். கீழேர்ந்து மேல உரசி வீசுனா அது தானா உள்ள இறங்கும். போனாலும் முழுசா வீசிப் போகட்டும்."

பிரேக் போடுவதுதான் டீச்சர் என் தொழிலே என்று சொல்ல வந்தேன். பந்து பொறுக்கப் போய்விட்டேன்.

பூரணி இதை ஒரு மைதானம் ஜனத்துக்கு முன்னால் செய்தாள். எனக்கு ஒரு ஜெபசீலியும் கொஞ்சம் காக்காயும்தான்.

ஜனவரி 23, வெள்ளி

"ஒன் ஷூவுல எப்படி செம்மண்?" என்றாள் பூரணி. டிரைவிங் ஸ்கூல் மைதானம் கரிசல். பிள்ளைக்குப் போலீஸ் வேலை கிடைக்கும்.

சொல்லிவிட்டேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். "சர்வீஸா? நீயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், "திங்கக்கெழம லீவு. நானும் வாரேன். உள்ள வர மாட்டேன், வெளிய நின்னு பாக்கேன்."

ஜனவரி 26, திங்கள்

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த பிறகு கோர்ட்டுக்குப் போனோம். ஜெபசீலி எதிர்ப்பக்கம் நின்றாள், பந்தைத் திருப்பி அடிக்க. பூரணி சொன்னபடி வெளியே, எனக்குப் பின்னால், கம்பி வலைக்கு அந்தப் பக்கம்.

எனக்கு வீறாப்பு. மகள் பார்க்கிறாள். முதல் பந்து கோட்டுக்கு வெளியே போனது. சரி, இரண்டாவது இருக்கிறதே. முழுசாக வீச வேண்டும். இடது கையைத் தூக்கினேன்.

பின்னால் "கிலுங்" என்றது.

சின்னச் சத்தம்தான். கம்பி வலை இழுபடுகிற சத்தம். பந்து பரணைத் தாண்டிப் போய்விட்டது, கை பாதியில் நின்றது. டபுள் ஃபால்ட். அடுத்ததில் முதல் பந்து நெட். இரண்டாவதற்குக் கை தூக்கினேன். கிலுங். டபுள் ஃபால்ட். மூன்றாவது தடவை, அந்தச் சத்தம் எப்போது வரும் என்று முதுகு முழுக்கக் காதாகிக் காத்துக்கொண்டு நின்றது. வந்தது.

"வலைய விடுட்டி!" என்று கத்திவிட்டேன். ராக்கெட்டை மண்ணில் குத்தித் திரும்பினேன்.

பூரணியின் பத்து விரலும் கம்பிக்குள் இருந்தன. முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா" என்றாள். "சும்மாதான நின்னேன்."

எதிர்ப்பக்கம் ஜெபசீலி குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள், அவிழாத லேஸை.

பூரணி மெல்லக் கையை எடுத்து விரல்களைப் பார்த்தாள். கம்பித் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. "வேணும்னு பண்ணலம்மா. பந்து உள்ள விழணுமேன்னு இருந்திச்சு. கை பிடிச்சது எனக்கே தெரியல."

"தெரியும்" என்றேன்.

"சத்தம் கேக்குதுல்லா?"

"கேக்குது."

வீட்டுக்கு வந்து ஒரு வாளித் துணி ஊறப்போட்டேன். துவைத்த துணியையும் சேர்த்து ஊறப்போட்டிருக்கிறேன் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஜனவரி 28, புதன்

ஜெபசீலி வருவதற்கு முன்னாலேயே கோர்ட்டுக்குப் போய்விட்டேன். வேலிக்கு வெளியே, எப்போதும் நிற்கிற மாதிரி நின்று, எப்போதும் பிடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்தேன். நாலு பக்கமும் ஓடுகிறது சத்தம். மறு மூலை வரை.

"என்னக்கா பண்ணுதீங்க?"

"கம்பி துருப்பிடிச்சிருக்கான்னு பாக்கேன்."

எட்டு வயதிலிருந்து விளையாடுகிறாள். எத்தனை ஊர், எத்தனை வேலி. இன்று சர்வீஸ் ஒன்றுகூடப் போடவில்லை. கையே எழவில்லை. அழுகையாக வந்தது. அழுதேன். ஜெபசீலி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு நகர்ந்து போனாள்.

பிப்ரவரி 2, திங்கள்

ஜெபசீலிக்கு வகுப்பு. சமாதானபுரம் சிக்னல், ஏற்றம், முன்னால் லாரி, பின்னால் ஆட்டோ. வழக்கமாக இந்த இடத்தில் என் வலது கால் பிரேக்குக்கு மேல் போய் நிற்கும். என் பக்கம் மிதித்தால் ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடலும் கொஞ்சம் இறங்கும். சும்மா கால் வைத்தாலே அவர்களுக்குத் தெரியும். தெரியட்டும் என்றுதான் இத்தனை வருஷமும் வைத்திருந்தேன், தைரியமாக இருக்குமே என்று.

இன்று இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

ஜெபசீலி அலறினாள். "யக்கா! என்ன செய்யுதீங்க! காலக் கீழ எறக்குங்க!"

"பச்சை விழுந்தாச்சு. எடுங்க டீச்சர்."

வண்டி ஒரு விரற்கடை பின்னால் போனது. என் உயிர் அதைவிடப் பின்னால் போனது. பிறகு நின்றது. பிறகு மெல்ல, வெண்ணெய் மாதிரி, மேலே ஏறியது. ஏற்றம் முடிந்ததும் ஜெபசீலி ஸ்டியரிங்குக்கு முத்தம் கொடுத்தாள். எனக்குக் கால் மரத்துப்போய் இறங்க முடியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் கிளம்பும்போது பூரணி தானாக வண்டியில் ஏறினாள். "வேலிக்கிட்ட நிக்க மாட்டேன், மரத்தடியில இருக்கேன்" என்றாள்.

அங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பொறுக்கவில்லை. "எம்மா, ஒனக்கு எடது கை சீக்கிரம் கீழ வந்திருது. அதான் பந்து நெட்ல போகுது. கைய மேலயே வை, பந்தக் காட்டிக்கிட்டே இரு." அடுத்ததும் நெட்டில். "அய்யோ, கண்ணால பாக்க முடியல." எழுந்து கேட் வழியாக உள்ளே வந்தாள். என் கையிலிருந்து ராக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். "சவம், இதுல எப்படி அடிக்கே? கம்பு மாதிரி இருக்கு." வெளியே போனாள். டிக்கி மூடுகிற சத்தம் கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபசீலி என் காலை மிதித்தாள், பார்க்காதே என்று.

பூரணி பையைத் திறந்து தன் ராக்கெட்டை எடுத்தாள். எனக்குச் செய்து காட்டத்தான், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே காட்டினாள். காட்டினாள், காட்டிக்கொண்டே இருந்தாள். கூடை தீர்ந்து, பொறுக்கி, மறுபடி தீர்ந்தது. நான் கோர்ட் நடுவில் உட்கார்ந்து பந்து பொறுக்கிப் போட்டேன். எல்லாம் உள்ளே விழவில்லை. வெளியே போனதும் நிறைய. யார் அதைக் கவனித்தார்கள்?

பள்ளி மணி அடித்துவிட்டது. மூன்று பேருக்கும் இன்று லேட்.

பிப்ரவரி 11, புதன்

தன் டென்னிஸ் கோச்சிடம் அவளே போன் செய்து, மறுபடி வருகிறேன் என்று பேசிவிட்டாள். பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை, சுவர் மெலிசு.

பிப்ரவரி 18, புதன்

ஜெபசீலி ஆர்.டி.ஓ. டெஸ்டில் பாஸ். அல்வா வாங்கி வந்தாள். "இன்னும் ரிவர்ஸ்தான் கொஞ்சம் பயம்" என்றாள். "எங்க வீட்டுக்காரர்ட்ட கேளுங்க, அவர் அதுல எக்ஸ்பர்ட்" என்றேன். அவர் அல்வாவைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றார்.

பிப்ரவரி 25, புதன்

சனிக்கிழமை கோவில்பட்டியில் டோர்னமென்ட். அதே கோர்ட். பூரணி பெயர் கொடுத்திருக்கிறாள். நான் பார்க்க வரலாமா கூடாதா என்று என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் இறக்கிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்க் காத்திருக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கடலைமிட்டாய் வாங்க வேண்டியும் இருக்கிறது.

பிப்ரவரி 28, சனி

வாசலில் வண்டியை நிறுத்தினேன். பூரணி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "முடிஞ்சதும் போன் போடு" என்றேன்.

"ஏன், நீ எங்க போற?"

"கடலைமிட்டாய் வாங்க."

அவள் குனிந்து ஜன்னல் வழியே பார்த்தாள். "உள்ள வாம்மா. வேலிக்கிட்ட வேண்டாம். அந்தப் புங்கமரத்தடியில சிமெண்ட் பெஞ்சு இருக்குல்லா? அங்க உக்காரு. நான் திரும்பிப் பாத்தா தெரியணும்."

போனேன். உட்கார்ந்தேன். இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், துப்பட்டாவைப் பிடித்தேன், தண்ணீர் பாட்டிலைப் பிடித்தேன். பிடிக்கத்தான் வருகிறது இந்தக் கைக்கு. கடைசியில் இரண்டையும் தொடைக்கடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

எதிராளி விருதுநகர்ப் பெண், நல்ல உயரம். முதல் செட் பூரணிக்கு. இரண்டாவது செட் போய்விட்டது, அதில் டபுள் ஃபால்ட்கள் இருந்தன. கை பாதியில் நின்று நின்று போனது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. முன்பெல்லாம் எனக்குப் பந்து எங்கே விழுகிறது என்பது மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது செட். பூரணியின் சர்வீஸ். பாயின்ட் போனால் கேம் போகும். முதல் பந்து நெட்டில். வேலியோரம் நின்றவர்கள் எல்லாரும் "ச்ச்" கொட்டினார்கள். யாரோ கம்பியைப் பிடித்தார்கள். கிலுங்.

பூரணி பந்தைத் தரையில் தட்டினாள். ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். இடது கை உயர்ந்தது, பாலைச் சிந்தாமல் பரணில் வைத்தது. வலது கை பின்னால் போய், கீழிருந்து மேலே, நிற்காமல், எங்கும் நிற்காமல், முழுசாக வீசியது. பந்து வளைந்து சீறிப்போய்க் கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே விழுந்தது.

"டபுள் ஃபால்ட்" என்றார் அம்பயர்.

நான் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. விருதுநகர்ப் பெண்ணின் அம்மா, நான் அவள் மகளுக்காகத் தட்டுகிறேன் என்று நினைத்து எனக்கு வணக்கம் வைத்தாள். நான் நிறுத்தவில்லை. கோர்ட்டுக்குள் பூரணி இடுப்பில் கை வைத்து நின்று என்னைப் பார்த்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். டபுள் ஃபால்ட் போட்டுவிட்டுச் சிரித்த பிள்ளையையும் அதற்குக் கைதட்டிய அம்மாவையும் கோவில்பட்டி இதற்கு முன்னால் பார்த்திருக்காது.

அதற்குப் பிறகு அவள் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. சிலது உள்ளே, சிலது வெளியே. உள்ளே விழுந்ததை அந்தப் பெண்ணால் திருப்ப முடியவில்லை. ஜெயித்தாள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அடுத்த மாட்ச்.

கயத்தாறு தாண்டி, "எம்மா, செவ்வாக்கெழம ஒனக்கு ரெண்டாவது பந்து சொல்லித்தாரேன். நீ மேல போடுத பந்து இன்னும் பின்னாலதான் போகுது" என்றாள். வண்டியை அவளிடம் கொடுத்துவிடலாம் போலிருந்தது. அவளுக்கு இன்னும் லைசென்ஸ் வயதாகவில்லை.

கடலைமிட்டாய் வாங்க மறந்துவிட்டேன். கையில் கம்பித் தடம் இல்லை. தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்திருக்கிறது, பேனா பிடிக்கக் கொஞ்சம் எரிகிறது.